பியூலா போட்ட புள்ளிக்கோடு

நகல் எடுக்கும் கடையில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. பியூலாவின் அண்ணன் பேசினார். "பாப்பா போய்ட்டா தம்பி. காலையில பத்து மணிக்கு." இயந்திரத்தின் வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஒருமுறை போய்த் திரும்பியது. எத்தனை நகல் என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு நினைவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவளை இரண்டு விதமாகத் தெரியும். கிணறுகளின் வரைபடத்தை வரைந்தவள். அந்த வரைபடத்தில் தவறு செய்தவள். இரண்டாவது உண்மையல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவள் இருக்கும்போது எழுதியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. சத்துவாச்சாரியில் எங்கள் சிறிய அமைப்புக்கு இரண்டு அறைகள், ஒரு கணிப்பொறி. ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றோரக் கிணறுகளில் தோல் ஆலைக் கழிவு எதுவரை வந்திருக்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் தண்ணீரோடு வருவோம். அவள் வரைவாள். கெட்டுப்போன கிணறுகளைச் சுற்றி ஓர் எல்லை. இருபுறமும் சோதித்த இடத்தில் முழுக்கோடு. சோதிக்காத இடத்தில் புள்ளிக்கோடு.

மென்பொருளில் தயாராகக் கிடைத்த புள்ளிக்கோடுகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. உடைந்த சேமியா மாதிரி இருக்கிறது என்பாள். தானே ஒன்று செய்தாள். கோட்டுத் துண்டின் நீளம் பூஜ்யம். இடைவெளி நான்கு. தடிமன் ஒன்று. முனை உருண்டை. நீளமே இல்லாத கோட்டுக்கு உருண்டை முனை கொடுத்தால் அது புள்ளியாகிறது. நான் அதைத் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு இம்மாம் வேலையா? ஒரே கோடா இழுத்துட்டுப் போயேன்."

"எம்.ஏ. படிச்சவன் பேசற பேச்சா இது? அந்தாண்ட இன்னா இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தெரியாதுன்னு போடு. புள்ளின்னா அதான்." பிறகு சொன்னாள்: "தடிமனை மட்டும் ஏத்தாத. ஏத்தினா இடைவெளியும் ஏத்து. இல்லன்னா புள்ளிங்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கினு தோஸ்த் ஆயிடும்."

கிறிஸ்துமஸுக்கு அவள் காவேரிப்பாக்கம் போயிருந்தாள். அறிக்கை உடனே வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். சுவர் அளவு வரைபடத்தை நான் ஒரு தாளுக்குள் சுருக்கினேன். முதல் நகலில் புள்ளிகள் மங்கிப் போயிருந்தன. தடிமனை ஒன்றிலிருந்து நான்காக்கினேன். இடைவெளியைத் தொடவில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது மணிமாலை போல இருந்தது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். தாளில் அது முழுக்கோடு. நாற்பது நகல்கள் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

புள்ளிக்கோடு இருந்த அந்த இடத்தில் கோட்டுக்கு வெளியே ஏரிக்கரைத் தெரு இருந்தது. பத்தொன்பது வீடுகள், இரண்டு கிணறுகள். மழையில் பாதை அறுந்திருந்ததால் அங்கே நாங்கள் தண்ணீர் எடுக்கவில்லை. எங்களுக்குத் தெரியாத இடம், காகிதத்தில் நல்ல தண்ணீர் உள்ள இடமானது. குடிநீர் வண்டி கோட்டுக்கு உள்ளே மட்டும் போனது.

கோடையில் முனியம்மா வந்தார். அந்தத் தெருக்காரர். ஒரு கையில் வரைபடத்தின் நகல். மறு கையில் பாட்டில்.

"இந்தக் கோட்ட யாரும்மா போட்டது?"

நகலை எங்கள் மேசைமேல் விரித்தார்.

"கோட்டுக்கு அந்தாண்ட வண்டி வருது. இந்தாண்ட வராதாம். எங்க கெணத்துத் தண்ணி நல்ல தண்ணின்னு பேப்பர்ல கீதாம். நல்லாத்தான் கீது. குடிச்சிப் பாரேன்."

பியூலா பாட்டிலை வாங்கினாள். திறந்து ஒரு வாய் குடித்தாள். துப்பவில்லை.

"நான்தான் போட்டேன்கா."

நான் இரண்டடி தள்ளி நின்றேன். கையில் ஸ்டேப்ளர் இருந்தது.

அவர் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உன்ன ஒண்ணும் காப்பாத்தல. அந்தம்மா முன்னாடி நீயா நானான்னு நின்னா அசிங்கம். மீட்டிங்ல சொல்லிடு."

கூட்டத்தில் நான் சொல்லவில்லை. அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டைப் பார்த்தாள். வரைபடத்தில் பியூலாவின் கவனக்குறைவு என்று பதிவானது. உங்களில் சிலர் அன்று அந்த அறையில் இருந்தீர்கள்.

அடுத்த வாரம் அவளே போய் இரண்டு கிணறுகளிலும் தண்ணீர் எடுத்து வந்தாள். இரண்டுமே கெட்டிருந்தன. கோட்டைத் திருத்தி வரைந்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். எழுத்தர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு மேப் குடுத்தா எதம்மா நம்பறது? ரெண்டுமே உன் பேர்ல கீது."

அப்போதும் நான் சொல்லவில்லை.

ஆறு ஆண்டுகள் மனுக் கொடுத்தாள். முடிந்தபோதெல்லாம் அந்தத் தெருவுக்குப் போனாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளிடம் எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வண்டி வரவில்லை. ஆட்கள் ஊரை விட்டுப் போக, வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

ஆறாவது ஆண்டில் அவள் நோயில் விழுந்தாள். மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது கேட்டாள். "ஏரிக்கரத் தெருவுக்குப் போனியா?"

"இல்ல."

"மனு எழுதி வச்சிருக்கேன். நகல் எடுத்துக்கினு போ."

நகல் எடுக்கப் போன இடத்தில்தான் அந்தச் செய்தி வந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு முனியம்மா வந்திருந்தார். எல்லோரும் மண் போட்ட பிறகு என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணாவது வந்துகினு இருந்திச்சி. இனிமே யாருப்பா வருவாங்க?"

நான் சொன்னேன். அந்தக் கோட்டை அவள் போடவில்லை, நான் போட்டேன் என்று.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கல்லறை மண்மேட்டின் பக்கம் திரும்பினார். "வரும்போதெல்லாம் திட்டுவேனே. தலைய குனிஞ்சிகினு கேட்டுகினு இருக்குமே. ஆறு வருசம் திட்டினேனேடா பாவி."

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் புள்ளிக்கோட்டின் கணிப்பொறிக் கோப்பு மட்டும். நீளம் பூஜ்யம், இடைவெளி நான்கு, தடிமன் ஒன்று. திருத்திய வரைபடத்தில் அவள் பெயர் இருக்கிறது. பழையதில் அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். மனுவோடு இரண்டையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எதை நம்புவது என்று கேட்டால் சொல்லப் பதில் வைத்திருந்தேன். அந்த எழுத்தர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். ஏழு வீடுகள் திறந்திருந்தன. முனியம்மாவுடையது பூட்டியிருந்தது.