மாமா மிதிக்காத வாசற்படி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இதில் வருகிற மூன்று பெரியவர்களும் இப்போது பெருமாள் திருவடியில் இருக்கிறார்கள். நான் அதிகம் படிக்காதவள். தெரிந்தபடி எழுதுகிறேன்.

இன்று எங்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசிக்கு ஓட்டுப் போடுகின்றன. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரிலேயே ஒரு பாராளுமன்றத் தொகுதி இருந்தது. அம்மா பிறந்தது அந்த ஊரில். டெல்லியில் எம்.பி.யைக் கூப்பிடும்போது தன் ஊர்ப் பேரைச் சொல்வார்கள் என்று அவளுக்கு ஒரே பெருமை. அந்தத் தொகுதிக்குச் சில தேர்தல்கள்தான் ஆயுள்.

ஒரு தேர்தலில் அப்பா ஒரு கட்சி, அம்மாவின் அண்ணன் எதிர்க்கட்சி. அப்பாவின் ஆள் ஜெயித்தார். அப்பா அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி, அதே ஊரில் இருந்த மாமா வீட்டுக்கே வெற்றி இனிப்பென்று கொடுத்தனுப்பினார். மாமா அதைத் தொடவில்லை. நேரே ஆண்டாள் சன்னதிக்குப் போய், இந்தத் தொகுதியில் தன் கட்சி ஜெயிக்கிறவரை தங்கச்சி வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார்.

அதில் மாட்டிக்கொண்டது என் காது. வீட்டுச் சாமி விளக்கின் முன்னால், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தோட்டை ஆட்டிக்கொண்டு வர, நான் மொட்டைக் காதோடு திரிந்தேன்.

"ஒங்கண்ணன் ஆளு ஜெயிக்கதுக்குள்ள ஒம் மக பேத்திக்கே காது குத்திரலாம்" என்பார் அப்பா. வில்லிபுத்தூர் பஸ் வரும் நேரத்தில் மட்டும் அம்மாவுக்கு வாசலில் ஏதாவது வேலை இருக்கும்.

ஒருநாள் அப்பா பேப்பரைப் பார்த்துச் சொன்னார். எல்லைகளை மாற்றி வரைந்ததில் அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டதாம். தெருவெல்லாம் குறைப்பட்டது. அம்மா ஒருத்திதான் விளக்குக்குப் பூ வைத்தாள். தொகுதியே இல்லையென்றால் சத்தியம் ஏது? என்னை இழுத்துக்கொண்டு அண்ணனிடம் சொல்லப் பஸ் ஏறினாள்.

மாமா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தொகுதிய எடுத்தவக ஆண்டாளக் கேட்டா எடுத்தாக? என்னைக்காச்சும் ஜெயிப்போம், வந்துரலாம்னு இருந்தேன் தாயி. இனி அதுக்கும் வழியில்ல."

அம்மா அழவில்லை. "வீட்டுக்கு வர வேண்டாம்ணே. தெருவுக்கு வாங்க" என்றாள்.

வந்தார். தாம்பாளத்தில் பட்டுப்பாவாடை, தோடு, தேங்காய், பழம். அம்மா தெருவில் ஜமுக்காளம் விரித்தாள். சாமி விளக்கை ஏற்றியபடியே முந்தானையால் காற்றுக்கு மறைத்து வெளியே கொண்டுவந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அந்த விளக்கு படியிறங்கியதில்லை. ஆசாரி குத்தும்போது நான் அழுதேன். மாமா என்னைவிட அதிகமாக அழுதார். எனக்கு வலிக்கிறதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன்.

அப்பா தெருவுக்கு வரவில்லை. தலைவாசலுக்கு உள்ளே, வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துண்டால் துடைத்து, வாசலைப் பார்க்கப் போட்டார். அதில் உட்காராமல் பக்கத்திலேயே நின்றார். மாமாவும் எழுந்து, படிக்கு எதிரே செத்த நேரம் நின்றார். இருவருக்கும் நடுவில் படி மட்டும்தான்.

கடைசியில், "மாப்ளைய கேட்டேன்னு சொல்லு தாயி" என்று, அப்பா காதில் விழும்படியே என்னிடம் சொல்லிவிட்டு மாமா பஸ்ஸுக்குப் போனார். சாகிறவரை அவர் எங்கள் படி ஏறவில்லை.

அவர் தெரு திரும்பியதும் நான் உள்ளே ஓடினேன். யாரும் உட்காராத நாற்காலி சும்மாதானே கிடக்கிறது என்று அதில் ஏறி உட்கார்ந்து, புதுத் தோட்டை ஆட்டி அப்பாவுக்குக் காட்டினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அது யாருக்குப் போட்ட நாற்காலி என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். மாமாவை வீம்புக்காரர் ஆக்க வேண்டாம், அப்பாவைக் கல்நெஞ்சர் ஆக்க வேண்டாம். அந்த நாற்காலியை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.