பத்தொன்பது விநாடிச் சிரிப்பு

றம்லாவை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாது என்று சாதிக்காதீர்கள். முகத்தைக் கண்டிருக்க மாட்டீர்கள், சிரிப்பைக் கேட்டிருப்பீர்கள். பத்தொன்பது விநாடி. "பாருங்க இவட கூத்த" என்று ஒரு வரி எழுதி, ஃபோனுக்கு ஃபோன் தள்ளிவிட்டு, அதன் பிறகு நிம்மதியாகச் சோறு தின்றிருப்பீர்கள். அந்தப் பத்தொன்பது விநாடிக்கு முன்னும் பின்னும் ஒரு மனுசி இருந்தாள். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சொல்ல எனக்கு உரிமை உண்டு. கற்பிட்டியில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி மட்டும்தான். என் பெயர் றைஸா. தையல் தைக்கிறேன். மூக்கு நுனியில் கோபம் என்று என்னைச் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

றம்லா பத்தொன்பது வயதில் ஜபாரைக் கட்டினாள். ஜபார் களப்பில் மீன் பிடிப்பவர். பிள்ளை கிடைக்கவில்லை. பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் இரண்டே பேர், ஆனால் இருபது பேர் இருக்கிற சத்தம். அவர் மீனைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டுவார், இவள் வெட்டி உப்புப் போட்டுக் காயவைப்பாள், வேலை முடியும்வரை இருவரும் ஓயாமல் கதைப்பார்கள். இப்படி என்னதான் கதைப்பார்கள் என்று நான் வேலியோரம் காது கொடுத்தும் இருக்கிறேன். ஒன்றுமில்லை. பூனையைப் பற்றி, பக்கத்துப் படகுக்காரனின் மீசையைப் பற்றி.

போன வருஷம் ஒரு காலையில் ஜபார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். ஓட்டோவில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். அன்றிலிருந்து றம்லா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. அதை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "அவருக்காக இருக்கிறது தானே ராத்தா" என்பாள். நான் மூன்று வயது மூத்தவள் என்பதால் அவளுக்கு ராத்தா. குறை இத்தாவில் இல்லை. முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள், இரண்டாம் வாரம் பாதி, ஒரு மாதம் கழிந்தபின் நான் மட்டும். வாய் ஓயாத அந்தப் பெட்டை சுவரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினாள்.

அதைக் கண்டு பயந்துபோய்த்தான் அவளை ஃபோனில் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டேன். பெண்கள் மட்டும் உள்ள குரூப், நாலாயிரம் பேர். சமையல், தையல், பிள்ளை வளர்ப்பு என்று ஆளுக்கொருத்தி லைவ் போடுவார்கள். பிஸ்கட் டின் ஒன்றில் ஃபோனைச் சாய்த்து, றம்லாவின் கைகள் மட்டும் தெரிகிறமாதிரி வைத்துக் கொடுத்தேன். மடியில் சுளகு, சுளகு நிறைய நெத்தலிக் கருவாடு. தலையைக் கிள்ளிக்கொண்டே கதைத்தாள். முதல் நாள் கேட்டவர்கள் பதினொரு பேர். பத்தாம் நாள் முந்நூறு பேர்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருத்தி வருவாள், மன்னாரிலிருந்து ஒருத்தி. குவைத்தில் வீட்டு வேலை செய்கிற ஒருத்தி எசமானியின் குசினியில் ஒளிந்துகொண்டு கேட்பாள். "ராத்தா, இண்டைக்குச் சாப்பிட்டீங்களா?" என்று எழுதுவார்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாதென்று றம்லா சாப்பிடத் தொடங்கினாள். நித்திரையும் வந்தது. அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், அந்த ஃபோன்தான் அவளை எழுப்பி உட்காரவைத்தது. அதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால் நானும் வெட்டி ஒட்டுகிற கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுவேன்.

ஒருநாள் மன்னார்க்காரி, "ஜபார் நானா எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டாள். றம்லா தன் கலியாண நாளைச் சொன்னாள். அன்று அதே ஒழுங்கையில் இரண்டு கலியாணம். ஜபாரின் கார் பிழையான வீட்டு வாசலில் போய் நின்றது. அந்த வீட்டார் பன்னீர் தெளித்து வரவேற்று, மாப்பிள்ளையைக் கூடிச் சாப்பிடுகிற சஹன் தட்டின் முன் உட்காரவைத்துவிட்டார்கள். இவர் வட்டிலப்பத்தை முடித்த பிறகுதான் ஒருவர் வந்து, "தம்பி, நீங்க யாரு?" என்று கேட்டாராம். சொல்லும்போதே றம்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தேன். புருஷனை நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. அவருக்காக அல்லாஹ்விடம் கேட்க அதைவிட நல்ல துஆ என்ன இருக்கிறது?

குரூப்பில் யாரோ ஒருத்தி அதைப் பதிவு செய்து வெளியே விட்டாள். கதை முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுச் சிரிப்பை மட்டும். மேலே ஒரு தலைப்பு: 'இத்தாவில் இருக்கும் பெண்ணின் ஆட்டம்'. நான்கு நாளில் எங்கள் சனம் இருக்கிற ஊரெல்லாம் சுற்றிவிட்டு அந்தக் குரூப்புக்கே திரும்பி வந்தது, கீழே வரிசையாகக் கொமெண்ட். "புருஷன் மண்ணுக்க, இவ லைவ்ல." "உலகம் அழியிற கியாமத் நாளின் அடையாளம்." பெயர் போட்டு எழுத ஒருத்திக்கும் தைரியமில்லை. எல்லாம் ரோஜாப்பூப் படம், பிறைப் படம். 'மறுமைப் பயணி' என்று ஒரு ஐடி எழுதியதுதான் எல்லாவற்றிலும் மோசம்: "அந்தப் புருஷன் சும்மா மௌத்தாகல்ல. இவட கவனிப்பில்லாமதான் மௌத்தாகினான்." அதற்கு எண்ணூறு பேர் விரலை உயர்த்தியிருந்தார்கள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுக்கவில்லை. சட்டை தைக்க வந்த பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டு நாள் முழுக்க ஃபோனும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொருத்திக்கும் பதில் எழுதினேன். எழுதிய வார்த்தைகளை இங்கே சொல்ல ஏலாது. நான் ஒன்று எழுத அவர்கள் பத்து எழுதினார்கள், நெருப்புக்கு நான்தான் விறகு தூக்கிப் போட்டேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் விளங்கியது: எனக்கே இப்படியென்றால் நாலு சுவருக்குள் இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

வேலியைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். யா அல்லாஹ்! கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "ராத்தா, எண்ட முகம் போதுமான அளவு சோகமா இரிக்கா?" என்று கேட்டாள். ஃபோன் அலுமாரிக்குள் அணைந்து கிடக்க, அது சத்தம் போடுகிறது என்றாள். மூன்று நாளாகப் பிளேன்டீ மட்டும் குடித்திருக்கிறாள். நான் ஏசத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவர நினைச்சு அழ ஏலாம இரிக்கி ராத்தா. கண்ண மூடினா அவர் வாராரில்ல, கொமெண்ட்தான் வருது. எண்ட மையத்த, மௌத்தான எண்ட மனுசன, எங்கிட்ட இருந்து புடுங்கிட்டாங்க."

ஒரு விதவையிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதானே, அதையுமா பறிப்பது?

மறுநாளே ஓட்டோ பிடித்துப் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்துக்காகப் போவதை மார்க்கமே தடுக்கவில்லை, ஊர் மட்டும் கேட்டது, "இத்தாக்காரி எங்க போறா?" என்று. "உங்கட வாய்க்குப் பூட்டு வாங்கப் போறம்" என்றேன். மனநல டொக்டர் ஒரு சின்னப் பெண். குளிசை எழுதினாள். லைவை நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன், அவள் வேறு கேட்டாள். "லைவ் போடக்குள்ள மனசுக்கு எப்புடி இருந்த?" "நல்லா இருந்த." "அப்ப கதைக்கிறத விடாதீங்க, வாசிக்கிறத விடுங்க. அதோட உங்களுக்கு ஆட்கள் வேணும், திரையில இல்ல, நேர்ல."

குளிசை எடுத்து ஒரு வாரம் தூங்கினாள். பிறகு ஒரு காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ராத்தா, அந்த பிஸ்கட் டின்னக் கொண்டு வாங்க."

சுளகு இல்லை, நெத்தலி இல்லை. வெறும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கதைத்தாள். "எண்ட பேர் றம்லா. வீடு கற்பிட்டியில, பள்ளிக்குப் பின்னால ரெண்டாவது ஒழுங்கை, நீலக் கேற். இன்னும் நாப்பத்தொரு நாள் நான் வெளிய வர ஏலாது. ஆனா நீங்க வரலாம். நீங்க எல்லாரும் பொம்புளைகள்தானே? மௌத்து வீட்டுக்கு வாற ஆளத் திருப்பி அனுப்புற வழக்கம் நமக்கில்ல. பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு பின்னேரம் அஸர் வரைக்கும் கேற் தொறந்து இரிக்கும். எழுதினத வந்து எண்ட முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

எனக்கே பகீர் என்றது. அந்த லைவும் வெளியே போயிருக்க வேண்டும், கட்டாரிலிருந்து அவளுடைய அண்ணன் மிஹ்லார் நானா உடனே ஃபோன் எடுத்தார். றூமில் இருக்கிறவர்கள் எல்லாம் அந்த வீடியோவைக் காட்டிச் சிரிக்கிறார்களாம். "மானம் போச்சு, எல்லாத்தையும் அணைச்சிட்டுச் சும்மா இரி."

"நானா, உங்களுக்கு அணைக்க ஃபோன் இரிக்கி. எண்ட தலைக்குள்ள ஓடுறத நான் எப்புடி அணைக்கிற?" என்றாள் றம்லா. "மானம் போனது சிரிச்ச எனக்கா, வெட்டினவங்களுக்கா? அவங்கள்ட்டக் கேளுங்க." மிஹ்லார் ஃபோனை வைத்துவிட்டார். அவள் எழும்பிப் போய்க் கேற்றைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள்.

முதல் நாள் ஒரு குருவியும் வரவில்லை. இரண்டாம் நாள் ஆலங்குடாவிலிருந்து இரண்டு பேர் வாழைப்பழச் சீப்போடு வந்தார்கள். எழுதியவர்கள் இல்லை, வாசித்துவிட்டு வாய் மூடி இருந்தவர்கள். "பேசாம இருந்ததுக்கு மாப்புக் கேக்க வந்த" என்றார்கள். பிறகு பஸ்ஸில், ஓட்டோவில், நடந்து என்று ஒவ்வொருவராக வந்தார்கள். இருபத்தாறு பேர் வந்திருப்பார்கள். கதிரை போதாமல் என் வீட்டுக் கதிரைகளும் போயின. வந்தவர்கள் றம்லாவைத் தேற்றவா, தங்களைத் தேற்றிக்கொள்ளவா என்று எனக்குத் தெரியாது, ஆளுக்கொரு கவலையை இறக்கி வைத்தார்கள். ஆனால் "எழுதினது நான்தான்" என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள் ஒருத்தி. புத்தளம். பெயர் ஸஃப்னா, இருபத்தைந்து வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னாள், "நான்தான் மறுமைப் பயணி."

நான் எழும்பிவிட்டேன். கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் வேறு. "இரிங்க ராத்தா" என்று என்னை அதட்டிவிட்டு, றம்லா அவளை உள்ளே கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள். "சொல்லு" என்றாள்.

ஸஃப்னா வாயைத் திறந்தாள். "அந்தப் புருஷன்..." என்று தொடங்கி நின்றாள். இன்னொரு முறை முயன்றாள்.

"கையால எழுத ஏலும், வாயால ஏலாதா?" என்றாள் றம்லா.

"எண்ட மாப்பிள வெளிநாட்டுல. வீட்டுல நான் என்ன சொன்னாலும் ஒருத்தரும் கேக்குறல்ல" என்று அழுதாள் ஸஃப்னா. "அத எழுதின உடன எண்ணூறு பேர் சரியெண்டாங்க ராத்தா. வாழ்க்கையில மொத தரம். அதுக்குப் பொறகு எனக்கும் நித்திரையில்ல."

றம்லா அவளை அணைத்துக்கொண்டாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அணைக்கவில்லை. "மாப்பு இப்ப வராது. வாற நேரம் வரும்" என்றாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற எனக்கும் இதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

"நீ எழுதினது பொய்யெண்டா எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. அண்டைக்கு அவர் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வீட்டுக்கு வந்தார். மத்தக் கையில மீன் கூடை. 'றம்லா, மொதல்ல மீன ஐஸ்ல போடு, வெயிலேறுது' எண்டார். நானும் போட்ட. ஐஸ் உடைச்சி, அடுக்கி, மூடிட்டு வந்து பாத்தா அவர் பாயில வேர்த்துக் கிடக்குறார். பத்து நிமிசம் புள்ள. பதினெட்டு வருசமா மொதல்ல மீன், பொறகுதான் நாம. அந்தப் பழக்கத்துல போட்டுட்டன்."

இந்தக் கடற்கரையில் எந்தப் பெண்ணும் அதையேதான் செய்திருப்பாள். நானும் செய்திருப்பேன். பிடித்த மீன் கெட்டால் அன்றைய உழைப்பே கெட்டது, அது எங்கள் கையில் ஊறிப்போனது. அந்தப் பத்து நிமிஷம் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்பதை அல்லாஹ் மட்டும்தான் அறிவான். அதைத்தான் அவள் இத்தனை நாளும் ஒற்றையாய்ச் சுமந்திருக்கிறாள். இந்தக் கூட்டம் அதன் மேலேயே ஏறி மிதித்திருக்கிறது.

சொல்லி முடித்ததும் றம்லா அழுதாள். கண்ணாடியில் ஒத்திகை பார்த்த சோகம் இல்லை. "எண்ட ஜபாரே" என்று பெயர் சொல்லி, மூக்கு ஒழுக, நெஞ்சிலடித்து அழுதாள். ஸஃப்னா தண்ணீர் எடுத்துவர ஓடினாள். நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு றம்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் லைவ் போட்டாள். அழுத கண் வீங்கிக் கிடந்தது, குரல் மட்டும் கல் மாதிரி. ஐஸ் கதை முழுவதையும் நாலாயிரம் பேருக்கும் தன் வாயாலேயே சொன்னாள். "வேணாம்டி, இதையும் வெட்டுவாங்க" என்று நான் பின்னாலிருந்து சைகை காட்டினேன். கண்டுகொண்டாள்.

"வெட்டட்டும் ராத்தா" என்றாள், ஃபோனுக்குக் கேட்கும்படியாகவே. "வெட்டுறவங்களுக்கு எங்க வெட்டணும் எண்டு நானே சொல்லித் தாறன். நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க. மாப்பிள நெஞ்சப் புடிச்சிக்கிட்டுக் கரைக்கு வந்தா, மீன் நாறட்டும், ஆள ஓட்டோவுல ஏத்துங்க. இத மட்டும் வெட்டி எடுங்க. எண்ட சிரிப்ப அனுப்பின ஊருக்கெல்லாம் இதையும் அனுப்புங்க."