பூஷ்தாவுக்கு உடுத்திய வெள்ளை

பூஷ்தாவின் உடலைச் சந்தூக்கில் வைத்து வெளியே தூக்கியபோது, சந்து முனையில் இரண்டு வெள்ளைக்கார விருந்தாளிகள் பெட்டியோடு வந்து நின்றார்கள். ஃபெஸ் நகரத்துப் பழைய கோட்டைக்குள் அந்தச் சந்து ரெண்டு ஆள் அகலம்கூட இல்லை. இருவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்கள். நகர வாசலுக்கு வந்து தங்களைக் கூட்டிப் போயிருக்க வேண்டியவன்தான் அந்தச் சந்தூக்கில் போகிறான் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

மஹ்ஜூபா மொட்டைமாடியில் நின்று பார்த்தாள். அடக்கத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் அவளும் பூஷ்தாவும் கல்யாணம் ஆன நாளிலிருந்து குடியிருந்தார்கள். அந்த வீடு விருந்தினர் விடுதியாக மாறுவதற்கு முன்பே வந்தவர்கள். வெளியே பார்த்தால் வெறும் மண் சுவர், தலை இடிக்கிற கதவு, பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே போனால்தான் முற்றமும் நீரூற்றும் செதுக்கிய மரக்கூரையும் தெரியும். அவளுக்குச் சமையல். அவனுக்குக் கதவு, குழாய், விளக்கு, விருந்தாளிகளின் பெட்டி. யாரோ ஒரு அம்மாளின் பெட்டியை மேல்மாடிக்குத் தூக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று போய்ப் படுத்தான். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்ததும் அவள் புருஷனுக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் உட்கார்ந்தாள். தலைத்துணியிலிருந்து காலுறை வரை வெள்ளை. மருதாணி இல்லை, கண்ணுக்குச் சுர்மா இல்லை, வாசல் தாண்டுவது இல்லை.

விடுதி முதலாளி தௌஃபீக் காசாபிளாங்காவிலிருந்து வந்தான். அந்த வீட்டுப் பிள்ளைதான். இந்த முற்றத்தில் டவுசர் இல்லாமல் ஓடியவன்தான்.

"மஹ்ஜூபா, கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாயேன். மனசு ஆறும்."

"போகக் கூடாது ஐயா. புருஷன் செத்த வீட்டுலதான் இத்தாவை முடிக்கணும். நாலு மாசம் பத்து நாள். உங்க அம்மாவும் இங்கதான உக்காந்தாங்க?"

"அவங்க அவங்க வீட்டுல உக்காந்தாங்க."

சொன்ன பிறகு அவனே தலையைத் திருப்பிக்கொண்டான். அண்ணன் வீடு மலைப்பக்கம். ரொட்டியைப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிற அண்ணி அங்கே இருந்தாள். இந்த அறையை விட்டால் மஹ்ஜூபாவுக்குப் பூமியில் வேறு கூரை கிடையாது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"சரி, இரு. ஆனா இந்த வெள்ளையோட முற்றத்துப் பக்கம் வராத. வர்றவங்க சந்தோஷமா இருக்க வர்றாங்க. எழவு வீடுன்னு தெரிஞ்சா ஓடிருவாங்க."

அவள் பின்படிக்கட்டில் இறங்கி, அடுப்பங்கரையிலேயே கிடந்து, பின்படிக்கட்டிலேயே ஏறினாள். நீரூற்றின் சத்தம்தான் காதுக்கு வந்தது.

ஒருநாள் பெல்ஜியம்காரி ஒருத்தி தண்ணீர் கேட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிட்டாள். உச்சி முதல் பாதம் வரை வெள்ளையாக ஒருத்தி ஆவிக்கு நடுவில் நிற்பதைப் பார்த்ததும் கையைக் குவித்துக்கொண்டு ஏதோ பிரெஞ்சில் உருகினாள். மஹ்ஜூபாவுக்கு விளங்கியது ஒரே சொல்தான்: கல்யாணம். கல்யாணத்துக்கு உடுத்தியிருக்கிறாளாம்! கன்னத்தில் முத்தம் வேறு. போனை நீட்டிப் படம் எடுத்தாள். பதறி ஓடி வந்த தௌஃபீக் பெல்ஜியம்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். அவன் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது.

மறுவாரமே சாயங்காலத் தேநீரை மஹ்ஜூபா முற்றத்தில் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. தௌஃபீக் சோகக் குரலில் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, விருந்தாளிகள் சுற்றி உட்கார்ந்து படம் பிடித்தார்கள். அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் அறை கையை விட்டுப் போகவில்லையே.

எதிர்வீட்டுக் கெல்தூம் மாவு கடன் வாங்க வந்தவள், பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடி பாவி, புருஷன் இருந்த வரைக்கும் உன்னை ஒரு நாய்கூட படம் எடுக்கல. செத்து உன்னை ராணியாக்கிட்டானே மனுஷன்!"

"உன் வீட்டுக்காரனைக் கேட்டுப் பாரு, உனக்கும் ஒரு உதவி செய்வானான்னு."

"அவனா? தோல் பதனிடுற தொட்டியில விழுந்து இடுப்பு ஒடிஞ்சும் சாகாதவன். எனக்கு நல்லது நடக்க விடுவானா?"

இருவரும் சிரித்தார்கள். பூஷ்தா போனதற்குப் பிறகு மஹ்ஜூபா சிரித்தது அன்றுதான். சிரிப்பு முடியும் முன்பே அழுகை வந்துவிட்டது.

கெடு முடிந்த அன்று காலையில் அவள் குளியல் கூடத்துக்குப் போய் உடம்பு சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். வெள்ளை உடுப்பை அடுத்த தெருவில் புதிதாகப் புருஷனை இழந்தவளுக்குக் கொடுத்தாள். அதுதான் முறை. நீல அங்கி போட்டு, கண்ணுக்கு மை எழுதி, சாயங்காலம் தேநீர்த் தட்டோடு முற்றத்துக்கு வந்தாள். தௌஃபீக் அவளை அடுப்பங்கரைக்கு இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"என்ன இது?"

"இத்தா முடிஞ்சது ஐயா."

"வர்றவங்க எல்லாம் வெள்ளை உடுப்புக்காரியத்தான் கேக்குறாங்க. சாயங்காலம் கொஞ்ச நேரம். துணிதான? நான் புதுசா வாங்கித் தர்றேன், பட்டுக்கரை போட்டு."

"யாருக்கு உடுத்தணும்?"

"என்ன யாருக்கு?"

"வெள்ளை ஒருத்தனுக்காக உடுத்துறது. அவனுக்கு உடுத்தி முடிச்சிட்டேன். இனிமே உடுத்துனா தினமும் சாயங்காலம் அவன் ஒரு தடவை சாகணும். பாவம், ஒரு தடவை செத்ததே போதும்."

தௌஃபீக் தரையைப் பார்த்தான். கெட்டவன் இல்லை அவன். அதனால்தான் குரலைத் தணித்துச் சொன்னான்.

"வெள்ளையில தேத்தண்ணி ஊத்துறவளுக்குத்தான் மாடி அறை. வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி."

யோசித்தாள். அண்ணியின் பூட்டை நினைத்தாள். ஒரு தடவை சரி என்று சொல்லக் கீழே இறங்கிப் பாதிப் படியில் நின்றும் பார்த்தாள். கால் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கட்டினாள். பூஷ்தாவின் சட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் வைத்துக் கட்டினாள். மூட்டையோடு அடுப்பங்கரைக்கு வந்தபோது, அங்கே பட்டுக்கரை போட்ட வெள்ளையில் கெல்தூம் நின்றிருந்தாள். தலைத்துணியைக் கட்டத் தெரியாமல் கட்டியிருந்ததில், அது ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

"கழட்டு அதை! உன் புருஷன் உசுரோட இருக்கான்டி!"

"இருக்கான்," என்றாள் கெல்தூம். முகத்தைப் பார்க்கவில்லை. "உசுரோட இருக்கான். அதான் மூணு வேளையும் பசிக்குதுங்கறான்."

மஹ்ஜூபா மூட்டையைக் கீழே வைத்தாள். கெல்தூமின் தலைத்துணியை அவிழ்த்து, நெற்றி மறைய இழுத்து, முறைப்படி கட்டிவிட்டாள். கெல்தூம் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

விருந்தாளிகள் 'ஆ' என்றார்கள். தௌஃபீக்கின் குரல் பிரெஞ்சில் மெதுவாக, சோகமாக எழுந்தது. இந்த வீட்டில்தான், இந்தப் படியில்தான், பெட்டி தூக்கி, என்று அங்கங்கே ஒரு சொல் அவளுக்கும் விளங்கியது. இவளுடைய கணவன் என்று கெல்தூமைக் காட்டினான். பிறகு பெயரைச் சொன்னான்: பூஷ்தா.

மஹ்ஜூபா மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.