குட்டி இங்கிலீஷ் வார்த்தைகளும் பஸ்ஸில் வந்த திருத்தங்களும்

பஸ்ஸில் புத்தகம் விற்கிறவனுக்கு வாய் பெரிதாக இருக்க வேண்டும், ரோஷம் சின்னதாக இருக்க வேண்டும். எனக்கு ரெண்டும் தலைகீழாக அமைந்து தொலைத்தது.

தொண்ணூறுகளில் ஆள் வருகை பதிகிற டைம் ஆபீசில் நான் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் பேப்பரின் குறுக்கெழுத்தைப் போடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அதை வைத்து ரெண்டு, மூணு, நாலு எழுத்தில் முடிகிற அபூர்வமான இங்கிலீஷ் வார்த்தைகளைத் தொகுத்து, தமிழில் அர்த்தம் எழுதி, ஆயிரம் பிரதி அச்சடித்தேன். குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கும், ஹாஸ்டலில் எழுத்துக் கட்டைகளை அடுக்கி விளையாடுகிறவர்களுக்கும் உதவும் என்று கணக்கு.

என் மனைவி மல்லிகாவின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் எனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார். எனக்கோ திண்டுக்கல்லை விட்டுப் போக மனசே இல்லை. மல்லிகா கெடு வைத்தாள்: "பள்ளிக்கூடம் திறக்குற வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள இது ஓடலைன்னா மூட்டையக் கட்டிருவோம்."

தேவாங்குக்கு எத்தனை விரல்

பஸ்ஸில் விற்ற சகாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி கிளம்புமுன் ஆளுக்கொரு புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, ரெண்டு நிமிஷம் கத்திவிட்டு, திரும்பி வந்து காசையோ புத்தகத்தையோ வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் புத்தகம்தான் திரும்பி வரும்.

அய்யலூர் போகிற வண்டியில் முதல் நாள். ஏ, ஐ என்று ரெண்டே எழுத்தில் ஒரு மிருகம் உண்டு. தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கிக்கொண்டே காலம் தள்ளுகிற சோம்பேறி. நான் அதற்கு 'மூன்று விரல் தேவாங்கு' என்று போட்டிருந்தேன். துண்டு போட்ட ஒருவர் அதை ரெண்டு தடவை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் ஊர்க் காட்டில் தேவாங்கு இருக்கிறது என்பது எனக்கு நினைவே இல்லை. "ஏப்பு, எங்க பக்கத்துத் தேவாங்குக்குக் கையில அஞ்சு விரலு. இது வேற என்னமோ. தெரியலைன்னா தெரியலைன்னு போட வேண்டியதுதான?"

கொண்டி யாருடையது

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் மிச்சப் புத்தகங்களை விரித்து வைத்து, தேவாங்கைப் பேனாவால் அடித்துவிட்டு 'தென் அமெரிக்க மரவிலங்கு, தேவாங்கு அல்ல' என்று எழுத ஆரம்பித்தேன். மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் நாகல்நகரில் ஏறிய ஒரு பூட்டுக்காரர் 'ஹாஸ்ப்' என்ற வார்த்தையில் நின்றுவிட்டார். 'பூட்டின் ஒரு பாகம்' என்று எழுதியிருந்தேன். கதவில் அடித்து, நாதாங்கியில் மாட்டி, பூட்டுப் போடுகிற கொண்டி அது. தலைமுறையாகப் பூட்டுச் செய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைத் தப்பாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். மனுஷர் கோபமே படவில்லை. "கொண்டி கதவோட சேந்ததுண்ணே. அது பிச்சுக்கிட்டு வந்தாலும் ஊர்ல எங்க பூட்டத்தான் வையிறாங்க. நீங்களும் சேந்து எழுதிப்புட்டீங்க."

வழக்கொழிந்த சொல்

'ட்ரெட்' என்று ஒரு வார்த்தை. எடை போட்ட சரக்கில் அழுகல், சேதாரத்துக்காக வாங்குகிறவனுக்குக் கழித்துக் கொடுப்பது. பெரிய அகராதியிலேயே பழஞ்சொல் என்று இருந்ததால், நானும் தைரியமாக 'வழக்கொழிந்தது' என்று போட்டுவிட்டேன்.

ஒட்டன்சத்திரம் வண்டியில் ஒரு காய்கறி மண்டிக்காரர் சிரித்தார். "ஏனுங்க, ஒழிஞ்சுதுன்னு யாருங்க சொன்னது? காலையிலதானுங்க தக்காளிக்குக் கழிச்சுட்டு வாரேன்." பக்கத்தில் வெறும் சாக்கோடு உட்கார்ந்திருந்த தொப்பம்பட்டி விவசாயி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "இவிங்க விட்டாத்தானுங்க அது ஒழியறதுக்கு."

மிச்ச நூல்

ஏப்ரல் முடியும்போது புத்தகத்தில் பாதிக்கு மேல் கட்டிலுக்கடியில் கிடந்தது. அலுத்துப்போய், இன்றோடு சரி என்று நினைத்துத்தான் சின்னாளபட்டி டவுன் பஸ்ஸில் ஏறினேன். காலேஜ் படிக்கிற ஒரு பெண் 'த்ரம்' என்ற வார்த்தையைத் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்: 'நெய்த துணியை அறுத்தபின் தறியில் மிஞ்சும் கழிவு நூல்.'

அந்த அம்மா தறி நெய்கிறவர். "கழிவா? அத யாரு கழிச்சா? அந்த நுனியிலதான அடுத்த பாவு நூல இழை இழையாப் பிணைப்போம். அத அத்துப் போட்டா எல்லாத்தையும் முதல்லருந்து கோக்கணும், ரெண்டு நாள் பொழப்பு போயிரும்," என்றார். மில்லை மூடின நாளிலிருந்து நான் எனக்கே வைத்துக்கொண்டிருந்த பேரும் அந்தக் கழிவுதான். அத்தனை பேர் நடுவில் கண் கலங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அந்த அம்மா என்ன நினைத்தாரோ, புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. "ஒண்ணு எடுத்துக்கிறோம் தம்பி. ஆனா அத மட்டும் மாத்திருங்க."

சுத்தமான பிரதி

மாற்றினேன். இப்போது பக்கத்துக்குப் பக்கம் அடித்தல் திருத்தல். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர், இந்த அலங்கோலத்தை யார் வாங்குவார்கள் என்று புத்தகக் கட்டைத் திருப்பியே அனுப்பிவிட்டார். இன்னும் ரெண்டு வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. திருப்பூர் போவது முடிவான மாதிரிதான்.

அந்த வாரம் வத்தலக்குண்டு வண்டியில் ஒரு காலேஜ் டீச்சர். மரியாதைக்காகத் தேடி எடுத்து, திருத்தாத புதுப் பிரதியை நீட்டினேன். பக்கத்து ஆளின் மடியில் இருந்த திருத்தின பிரதியை எட்டிப் பார்த்தவர், நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அச்சடிச்ச அர்த்தத்துக்கு எங்க லைப்ரரியில டிக்ஷனரி இருக்கு சார். எனக்குப் பேனாவுல எழுதினதுதான் வேணும், ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு நாப்பது குடுங்க."

அவர் சொல்லி இன்னும் ரெண்டு ஹாஸ்டலில் கேட்டார்கள். ஜூன் பிறந்ததும் மச்சான் சாமான் ஏற்ற வண்டி பேசிக்கொண்டு வந்து நின்றார். மல்லிகா மூடாத பேனாவோடு வாசலுக்குப் போனாள். "இன்னும் இருநூறு புஸ்தகம் திருத்தக் கிடக்குண்ணே. இவரு கையெழுத்து ஒருத்தருக்கும் புரியாது, நான்தான் எழுதணும். இப்ப எப்புடி வாரது?"

அட்டையில் என் பேர் ஒன்றுதான் இருக்கிறது. உள்ளே சரியாக இருப்பதெல்லாம் பஸ்ஸில் வந்த புண்ணியவான்கள் சொன்னது, தப்பு மட்டும்தான் முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு.