கைக்குச் செய்த சீனி

சீனியை மிக்சியில் போட்டு ஒரு சுற்றுக்கு மேல் விடக் கூடாது. மாவாகிவிட்டால் தோலில் உரசாது. அரைக்காமல் விட்டால் மணி பெரிதாக இருந்து கீறிவிடும். இதை நான் என் முழங்கையில் தேய்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எதையும் முதலில் என் தோலில் தேய்த்து, ஒரு நாள் பொறுத்து, சிவக்கிறதா, அரிக்கிறதா என்று பார்த்த பிறகே மகளின் குதிகாலைத் தொடுவேன். அதன் பிறகும் அவள் காலைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். அவளுடைய அப்பா சிரிப்பார்.

மகள் பிறந்த பிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது. பதுளையில் காற்றடிக்கிற மாதங்களில் எனக்கும் அவளுக்கும் தோல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கடையில் விற்கிற டப்பாக்களை எடுத்துப் பின்பக்கம் வாசிப்பேன். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். எழுதியிருந்த பெயர்கள் பாதி புரிந்தன. பாதி புரிந்ததால் பயம் இரட்டிப்பானது. டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு வந்து, இந்திய வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். அவர்கள் சொன்ன சாமான்களில் பாதி இங்கே கிடைக்காது. கிடைத்ததை வைத்து நானே ஒரு கலவைக்கு வந்து சேர்ந்தேன். மொனராகலைப் பக்கத்துச் சிவப்புச் சீனி இரண்டு பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு, ஆரஞ்சு மாதிரியான பிபிலைத் தோடம்பழத்தின் தோலைக் கூரைத் தகரத்தில் காயவைத்து இடித்த தூள், வறுத்து அரைத்த பச்சையரிசி மா ஒரு கரண்டி. கலக்கும்போது அடுப்படியில் யாரோ பலகாரம் செய்கிற மாதிரி வாசம் வரும். குளிருக்கு எண்ணெய் உறைந்துவிட்டால் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு தொல்லை, எண்ணெய். தேய்த்துக் கழுவிய பிறகு குளியலறைத் தரை வழுக்கும். ஒருநாள் மகள் சறுக்கி விழப் பார்த்தாள். அன்றிலிருந்து, எண்ணெய் தண்ணீரோடு போகட்டும் என்று, தேய்ந்துபோன பேபி சோப்புத் துண்டைத் தேங்காய்த் துருவியில் சீவி, அதையும் கொஞ்சம் சேர்த்தேன். ஆனால் அதுவும் சந்தேகந்தான். சோப்பு சேர்த்தால் அது இயற்கையானதா என்று யோசித்து ஒருமுறை சேர்ப்பேன், மறுமுறை விட்டுவிடுவேன். எந்தப் போத்தலில் சோப்பு இருக்கிறது, எதில் இல்லை என்று பார்வைக்குத் தெரியாது.

என் அண்ணன் குடும்பம் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்ததும் அங்கே உள்ள வரிசை வீட்டு லயத்தில், அதே காம்பிராவில்தான். அண்ணி மலைக்குப் போகிறவர். கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவருடைய விரல் நுனிகளில் வெடிப்பு விழுந்திருக்கும், வெடிப்புக்குள் சாயம் இறங்கிக் கறுப்புக் கோடுகளாக நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த கைகள் என்பதால் நான் அதைக் கவனித்ததே இல்லை. கவனித்தவள் என் மகள். போன தீபாவளிக்கு அண்ணி அவளைத் தூக்கிக் கன்னத்தைத் தடவியபோது, "மாமி கை குத்துது" என்றாள்.

"குத்தும்டி தங்கம். மாமி கையில முள்ளு மொளச்சிருக்கு" என்று அண்ணி சிரித்தார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அன்று மாலைக்குள் இரண்டு தடவை அவர் மகளைத் தூக்குவதைப் பார்த்தேன். இரண்டு தடவையும் தோளில் கிடந்த துவாயை எடுத்து உள்ளங்கைகளில் சுற்றிக்கொண்டுதான் தூக்கினார்.

தை மாதத்தில் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிற பெண். மாப்பிள்ளை பூனாகலைப் பக்கம், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே விருப்பம். மாப்பிள்ளையின் அம்மாவை நினைத்துத்தான் பயம். முன்பு ஒரு வீட்டில் தேத்தண்ணி ஆறிப்போய் வந்தது என்பதற்காகவே எழுந்து வந்துவிட்டவர் என்று கேள்வி. அண்ணி தொலைபேசியில் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. தேத்தண்ணி, தேத்தண்ணி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் காலையிலேயே புறப்பட்டோம். என் பையில் அண்ணிக்காக ஒரு ஜாம் போத்தல் நிறையச் சீனிக் கலவை இருந்தது. பதுளையிலிருந்து பசறை போகிற பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியத்தை அமைத்துப் பார்த்தேன். "இது கைக்கு நல்லது அண்ணி" என்றால், உங்கள் கை நன்றாக இல்லை என்று சொல்வதாகிவிடும். "நானும் இதைத்தான் பூசுறேன்" என்றால், என் கையையும் அவர் கையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்வதாகிவிடும். வாசலில் போய் நின்றபோது எல்லா வாக்கியமும் போய்விட்டது.

"இது உங்களுக்குத்தான் அண்ணி. நானே செஞ்சது."

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "தோடம்பழமா? நல்ல வாசமா இருக்கே."

"ஆமா அண்ணி" என்றேன். தனியாக இருக்கும்போது மீதியைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் அண்ணன் வெளியிலிருந்து, "வாறாங்க, வாறாங்க" என்றார். சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தாய்மாமனும் படி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணி பால்மாப் பைக்கற்றைத் தயாராக வைத்திருந்தார். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும், "பால் வேணாங்க. எனக்கு நெஞ்சு கரிக்கும். சாயத்தண்ணியே குடுங்க" என்றார். தாய்மாமனும் அதையே கேட்டார். எங்கள் பக்கத்தில் சாயத்தண்ணிக்குள் சீனியைக் கரைப்பது குறைவு. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார்கள். நானும் பள்ளிக்குப் போகும் முன் அப்படித்தான் குடித்தேன்.

தேத்தண்ணி ஆவி பறக்க வந்தது. அண்ணியின் பின்னால் அண்ணன் மகள் தட்டில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் உடனே கவனிக்கவில்லை. அண்ணியின் குரல்தான் என்னைத் திருப்பியது.

"இந்தாங்க, கையை நீட்டுங்க. எங்க நாத்தனா டவுன்ல இருந்து செஞ்சு கொண்டாந்தது. கடைச் சாமான் இல்ல."

என் ஜாம் போத்தல். மலைக் குளிரில் நன்றாக உறைந்திருந்தது. அண்ணி கரண்டியால் வெட்டி வெட்டி எல்லாருடைய உள்ளங்கையிலும் வைத்தார். சீனிப் போத்தல் அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு என்னுடையதை எடுத்திருக்கிறார், மரியாதைக்கு.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் எதைச் சொல்வது? மாப்பிள்ளையின் அம்மா நாக்கை நீட்டியாயிற்று. இப்போது சொன்னால் குளிக்கிற சாமானைச் சம்பந்தக்காரருக்குக் கொடுத்தவர் என்று அண்ணி தலைகுனிவார். சொல்லாவிட்டால், அதில் சோப்பு இருந்தால்? அந்தப் போத்தலை நிரப்பிய நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். தேங்காய்த் துருவி அன்று கழுவும் தொட்டியில் கிடந்ததா, கொக்கியில் தொங்கியதா? வரவில்லை.

"என்னங்க இது, பலகாரமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"சீனிதாங்க. டவுன்காரங்க சீனிக்கும் எண்ணெ வச்சுத் தலை சீவி விட்டிருக்காங்க" என்றார் தாய்மாமன். நன்றாக நக்கி, ஒரு மிடறு குடித்து, மறுபடியும் நக்கினார். "நல்லாத்தான் இருக்கு."

மாப்பிள்ளையின் அம்மாவும் தலையை ஆட்டினார். கொஞ்சம் நக்கியவர், மீதியை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு தேத்தண்ணியை மட்டும் குடித்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, கண்ணை எடுக்காமலே, தன் கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். அண்ணனும் தின்றார், மாப்பிள்ளையும் தின்றார். அண்ணி கரண்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தன் வாயில் வைத்தார். என் உள்ளங்கையிலும் ஒரு துண்டு இருந்தது. நான் கையை மூடிக்கொண்டேன். மூடிய கைக்குள் எண்ணெய் உருகி விரலிடுக்கில் கசிந்தது.

மகள் என் மடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் எல்லாரும் அதைத் தின்றாங்க? அது குளிக்கிறதுதானே?"

நான் அவள் தொடையை அழுத்தினேன். அழுத்தினால் அவள் இன்னும் சத்தமாகப் பேசுவாள் என்பதை மறந்துவிட்டேன்.

"அது மாமி கைக்கு அம்மா செஞ்சது. மாமி கை குத்துதுல்ல, அதுக்கு."

அண்ணி கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அண்ணன் மகள் தட்டைப் பார்த்தாள். தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வயித்துக்குள்ள குளிச்சிட்டேன்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தார். அவருடைய விரல்களிலும் அதே கறுப்புக் கோடுகள் இருந்தன. அவரும் மலைக்குப் போகிறவர்தான். "அப்ப சரியான எடத்துலதான் வச்சிருக்கீங்க" என்று சொல்லி, இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்தார். மாப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். அது எதுவாகவும் இருக்கலாம். அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். நானும் பின்னால் போய், தண்ணீர் கொட்டுகிற இடத்தில் கையை நீட்டினேன். எண்ணெய் எளிதில் போகவில்லை.

"அண்ணி, நான் சொல்லத்தான் இருந்தேன். நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

"எதுக்கு? கையைப் பத்தியா?" அவர் டம்ளரைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டே பேசினார். "என் கை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதாடி? சொல்லியிருந்தா பெட்டிக்குள்ள வச்சிருப்பேன். நீ சொல்லாததாலதான் நான் எல்லார் முன்னுக்கும் அதைத் தூக்கிட்டு வந்தேன். எம் பொண்ணு விசயம்."

நான் பஸ்ஸில் எத்தனையோ வாக்கியம் தேடினேன், கையைச் சொல்லி அவர் மனசு நோகக் கூடாது என்று. நோகக்கூடியது வேறெங்கோ இருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே நினைத்தேன். கணவரிடம், "அதுல சோப்பு இருந்துச்சா?" என்று கேட்டேன். "தெரியல, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அடுத்த வாரமே சம்மதம் என்று செய்தி வந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட முடியவில்லை. போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். அவரும் கூப்பிடவில்லை.

கலியாணச் சேலை எடுக்கப் பதுளைக்கு வந்த அன்று, கடைப்பைகளுடன் அவராகவே என் வீட்டுக்கு வந்தார். மகள் ஓடிப்போய் காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணி அவளைத் தூக்கவில்லை, தலையில் முழங்கையால் மெல்ல இடித்தார். பிறகு அடுப்படிக்கு வந்து, பைக்குள்ளிருந்து அந்த ஜாம் போத்தலை எடுத்து மேடையில் வைத்தார். பாதிக்கு மேல் இருந்தது.

"பூச மறந்துட்டீங்களா அண்ணி? நான் பூசிவிடவா?" என்றேன். இந்தத் தடவை அதைச் சொல்லிவிட்டேன். சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை.

"பூசலாம். மொதல்ல நீ தின்னு."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு எல்லாரும் தின்னாங்க. நீ மட்டும் கையை மூடிக்கிட்டு உக்காந்திருந்த. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

கரண்டியால் ஒரு துண்டு வெட்டி என் உள்ளங்கையில் வைத்தேன். நக்கினேன். முதலில் இனிப்பு. அடுத்தது தோடம்பழத் தோலின் கசப்பு. அதற்குப் பிறகு நாக்கின் ஓரத்தில், மகளைக் குளிப்பாட்டும்போது என் வாயில் தெறிக்கிற அதே வழவழப்பு, அதே காரம். சோப்பு இருந்தது. கொஞ்சம் அல்ல, நன்றாகவே தெரியும்படி இருந்தது.

தாய்மாமன் இரண்டாவது தடவையும் நக்கியதை நினைத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றதை. மாப்பிள்ளையின் அம்மா மீதியைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்ததை. முதல் நக்கிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மகள் வாயைத் திறக்கும் வரை, அந்தக் காம்பிராவில் ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. என்னைத் தவிர எல்லாரும் அண்ணிக்காக விழுங்கியிருக்கிறார்கள். அண்ணி எனக்காக.

விழுங்கினேன். தொண்டையில் எரிந்தது. அண்ணி ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"ம். இப்பப் பூசு" என்று சொல்லி, இரண்டு கைகளையும் மேடைமேல் விரித்து வைத்தார்.