இரண்டு உறை, ஒரு பெட்டி, ஐந்து கொம்பியூட்டர்

நான் எழுதுகிறவள் அல்ல. பள்ளியில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மற்றவர்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சில் அடித்த கடிதங்கள்தான். மாஸ்டரின் கொம்பியூட்டர் வகுப்பின் பழைய மாணவர் மலருக்கு, கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இருந்தவர்களும் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். கொம்பியூட்டரைப் பற்றி என்னைவிட அதிகம் அறிந்தவர்கள் இதை வாசிக்கப்போகிறீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது ஓர் அலுமாரியும் அதற்குள் இருந்த மூன்று பொருட்களும்தான். அதை மட்டும் எழுதுகிறேன்.

அலுமாரிச் சாவி

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் மாஸ்டர் முதலில் நடத்தியது தட்டச்சு வகுப்பு. அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நான் அங்கே கந்தோர் வேலை பார்த்தேன். 1987 தொடக்கத்தில் கொழும்புக் கடை ஒன்றிலிருந்து இரண்டு கொம்பியூட்டர்கள் லொறியில் வந்தன. படிப்பிக்க ரவி வந்தான். பண்டத்தரிப்பு ஊர்க்காரன். 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவன். என்னைவிட மூன்று வயது இளையவன். தினமும் சைக்கிளில் வருவான்.

அந்த மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒவ்வொரு நாள் காலையிலும் டொஸ் (DOS) என்ற மென்பொருள் உள்ள டிஸ்க்கைப் போட்டால்தான் மெஷின் எழும்பும். இரண்டு மெஷினோடும் ஒவ்வோர் உறை வந்தது. உள்ளே டொஸ் டிஸ்க்கும் சிறு புத்தகமும் இருந்தன. உறையின் வாயை ஒரு ஸ்டிக்கர் மூடியிருந்தது. அதிலிருந்த ஆங்கிலத்தை அகராதி வைத்து வாசித்தேன். உறையைத் திறந்தால் நிபந்தனைகளுக்குச் சம்மதித்ததாகும் என்று இருந்தது. நிபந்தனைகளோ உறைக்குள் இருந்தன. மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அப்ப திறக்காதையும், பிள்ளை. வாசிக்காத கடுதாசிக்கு ஆர் சம்மதிக்கிறது? அலுமாரியிலை வைச்சுப் பூட்டும்."

ரவியிடம் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு டொஸ் டிஸ்க் இருந்தது. அது யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. அதிலிருந்து கொப்பி அடித்து இரண்டு மெஷினையும் ஓட்டினான். உறையைத் திறக்காதவரை எங்களுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை என்று மூன்று பேருமே நம்பினோம். காசு கொடுத்து வாங்கியதைப் பூட்டி வைத்துவிட்டு யாருடையதையோ பாவிக்கிறோமே என்று ஒருவருக்கும் படவில்லை.

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு நடந்த சண்டையில் வகுப்பின் கூரை உடைந்து, இரண்டாவது மெஷின் பல நாள் மழையில் நனைந்து போனது. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு பதிவேட்டில் அதன் நம்பருக்கு மேல் சிவப்புக் கோடு இழுத்தேன். அதன் உறை அலுமாரிக்குள் இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. எறிய மனம் வராமல் அங்கேயே வைத்தேன்.

அடுத்த வருடம் மாஸ்டரின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து டொஸ் ஒன்றைப் பெட்டியாகவே வாங்கி வந்தார். பிளாஸ்ரிக் சுற்றிய பெட்டி. அதுவும் அலுமாரிக்குப் போனது. பாகங்களாகத் தருவித்து ரவி நான்கு மெஷின் பூட்டினான். எல்லாமாக ஐந்து மெஷின். ஐந்தும் ரவியின் ஒரே டிஸ்க்கின் கொப்பிகளில் ஓடின.

றேடியோ லைசன்ஸ் மாதிரி

எண்பத்தொன்பது கடைசியில் கொழும்பிலுள்ள ஒரு பரீட்சைச் சபை எங்களையும் நிலையமாக ஏற்க ஆயத்தம் என்று எழுதியது. பரீட்சைக்குப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பதினெட்டாவது பெயர் என்னுடையது. வேலை முடிந்த பின் இருந்து படிக்க மாஸ்டர் விட்டிருந்தார். என் சாதாரண தரப் பெறுபேற்றில் கணிதம் சித்தியில்லை. என் பெயர் போட்ட நல்ல சான்றிதழ் ஒன்று அந்தப் பரீட்சையால்தான் எனக்குக் கிடைக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. மனதில் மட்டும் வைத்திருந்தேன்.

சபையின் படிவத்தில் இரண்டு விடயங்கள் இருந்தன. ஆறு பரீட்சார்த்திகளுக்கு ஒரு மெஷின் வேண்டும். ஒவ்வொரு மெஷினின் டொஸ்ஸுக்கும் லைசன்ஸ் காட்ட வேண்டும். மாஸ்டர் ஐந்து மெஷின், ஐந்து லைசன்ஸ் என்று அடிக்கச் சொன்னார். மெஷின் ஐந்து என்று அடித்தேன். மற்ற இடத்தை வெறுமையாக விட்டு, சபையின் பரிசோதகர் வந்து பார்த்த பிறகு நிரப்பலாம் என்றேன்.

எனக்கு லைசன்ஸ் என்றால் றேடியோ லைசன்ஸ்தான். எங்கள் வீட்டில் இரண்டு றேடியோ. தபாற்கந்தோரில் ஒரு லைசன்ஸ்தான் எடுத்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டொஸ்ஸும் அப்படித்தான், ஒரு கட்டடத்துக்கு ஒன்று போதும் என்று ரவியிடம் சொன்னேன். அவன் சிரித்தானே தவிர மறுக்கவில்லை.

சைக்கிள் தகடு

பரிசோதகர் தொண்ணூறு தையில் வந்தார். கொழும்பில் வேலை. ஊர் பருத்தித்துறை. தாயைப் பார்த்துவிட்டு அங்கிருந்து காலை பஸ்ஸில் வந்தார். தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் அலுமாரியைத் திறக்கச் சொன்னார். இரண்டு உறையையும் பெட்டியையும் மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சோத்துப் பாசலை அவிழ்க்காமல் வைச்சுக்கொண்டு, பக்கத்து வீட்டிலை போய்ச் சாப்பிட்டிருக்கிறியள்."

"திறந்தால் சம்மதம் எண்டு போட்டிருக்கு," என்றார் மாஸ்டர்.

"திறக்காட்டி உரிமையும் இல்லை, மாஸ்டர்."

ரவிக்கு வாய் சும்மா இருக்காது. "ஐயா, அக்கா சொல்லுறா, றேடியோ லைசன்ஸ் மாதிரி ஒண்டு இருந்தால் வீடு முழுக்கக் காணுமாம்."

நான் நிலத்தைப் பார்த்தேன். பரிசோதகர் என்னைப் பகிடி பண்ணவில்லை. இடத்துக்கென்று எழுதி வாங்கும் லைசன்ஸும் உண்டு, பெரிய கந்தோர்கள் அப்படி வாங்கும், உங்களுடையது அந்த வகை இல்லை என்றார். பிறகு பெட்டியைத் தட்டினார்.

"இது கார் ஓடுற லைசன்ஸ் மாதிரி. எந்தக் காரும் ஓடலாம். ஆனால் ஒரே நேரத்திலை ரெண்டு கார் ஓடேலாது." விறாந்தையில் சாத்தியிருந்த ரவியின் சைக்கிளைக் காட்டினார். அதில் பழைய நம்பர்த் தகடு இருந்தது. "உறை ரெண்டும் உந்தத் தகடு மாதிரி. எந்தச் சைக்கிளுக்குக் குடுத்ததோ அதுக்குத்தான். சைக்கிள் முடிஞ்சால் தகடும் முடிஞ்சுது."

"இஞ்சை தகட்டைக் கழட்டி மற்றச் சைக்கிளுக்குப் பூட்டுறவையும் இருக்கினம், ஐயா," என்றான் ரவி.

"ஓம், என்ரை அண்ணரும் பூட்டினவர்தான்," என்று சொல்லிக்கொண்டே பேனையை எடுத்தார். உறைக்கு இரண்டு மெஷின், பெட்டிக்கு ஒன்று. கொப்பியில் ஓடும் மற்ற இரண்டும் பரீட்சைக்கு ஆகாது. மூன்று மெஷினுக்குப் பதினெட்டுப் பேர். கணக்குச் சரியாக வந்தது. மாஸ்டர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"உறையோடை வந்த மெஷின் ரெண்டும் எது?"

ரவி முதல் மெஷினில் கை வைத்தான். பிறகு, சற்றுப் பொறுத்து, தான் பூட்டிய மெஷின் ஒன்றில் கை வைத்தான். மாஸ்டர் யன்னலைப் பார்த்தார்.

"நம்பரைச் சொல்லுங்கோ, தங்கச்சி. எழுதுவம்."

பதிவேடு என் மடியில் இருந்தது. முதல் நம்பரை வாசித்தேன். இரண்டாவது நம்பரின் மேல் சிவப்புக் கோடு. நானே அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. அதை வாசித்தால் அவர் எழுதுவார். நானும் பரீட்சை எழுதுவேன். பதிவேட்டை அவர் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

"ஐயா, ரெண்டாவது மெஷின் இல்லை."

என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அதை ஒருமுறை சொன்னதே எனக்குப் பெரிய காரியம். இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அது எண்பத்தேழிலை மழையிலை போட்டுது. உறை மட்டும்தான் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ரவியின் கை இன்னும் அந்த மெஷினில்தான் இருந்தது. "அப்ப ரெண்டு மெஷின். பன்ரெண்டு பேர்," என்று எழுதினார். மாஸ்டர் தயவாகக் கேட்டுப் பார்த்தார். இன்னொரு பெட்டி வாங்குங்கள், ஆடியில் அடுத்த பரீட்சை வரும் என்றார் அவர். ரவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் தேத்தண்ணீர்க் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "ஆர் பிள்ளை உம்மைக் கேட்டது?" என்றார்.

"நம்பரைக் கேட்டவர், மாஸ்டர்."

பன்னிரண்டு பேரின் பட்டியலைப் புதிதாக அடிக்கச் சொன்னார். கடைசியிலிருந்து ஆறு பெயரை எடுக்கச் சொன்னார். முதலில் என் பெயரை எடுத்தேன். மற்ற ஐந்தையும் எடுத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். ரவி பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, பேசாமல் இருந்திருக்கலாம்," என்றான். அவன் கோபத்தில் சொல்லவில்லை.

ஆடிப் பரீட்சை வரவில்லை. ஆனியில் சண்டை தொடங்கியது. மின்சாரம் போனது, வகுப்பும் நின்றது. அந்தச் சான்றிதழ் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும் அல்லவா? டிஸ்க் கையில் இருப்பதால் லைசன்ஸ் இருக்கிறது என்று ஆகாது. அது மெஷினோடு கட்டியதா, வாங்கியவரோடு வருவதா, இடத்துக்கு எழுதியதா என்று முதலில் கேளுங்கள். யாரும் கொப்பி எடுக்கலாம் என்று விடுகிற டொஸ்ஸும் உண்டு என்று பிற்காலத்தில் அறிந்தேன். அதற்கும் ஒரு நிபந்தனைத் தாள் இருக்கிறது. அதையும் வாசிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. என்னுடைய இடத்தை நான் விட்டது என் விருப்பம். ஆனால் என்னோடு ஐந்து பேரின் இடமும் போனது. அவர்களைக் கேட்டுக்கொண்டு நான் வாய் திறக்கவில்லை. சொன்னது பிழை என்று இன்றும் நினைக்கவில்லை. உறைகளை முதலே திறந்து வாசித்திருந்தால் இன்னொரு பெட்டி வாங்க இரண்டு வருடம் இருந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. அந்த ஐந்து பேரில் யாராவது இந்த மலரை வாசித்தால், தொடக்கத்தில் கேட்ட மன்னிப்பை உங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதகர் வந்துபோன அடுத்த நாள் காலை மாஸ்டர் முதல் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். நான் பெட்டியின் பிளாஸ்ரிக்கைப் பிரித்தேன். ரவி தன் கொப்பிகளை அழித்தான். வகுப்பு எட்டரைக்குத் தொடங்கியது. இரண்டு மெஷின் ஓடின.