அன்னவாசலில் ஒரு மேப்பிள் இலை

சென்ற வாரம் அன்னவாசலில் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது எதிரே ஒரு புதுக் கடை. ‘மேப்பிள் லீஃப் பேக்கரி’. பெயருக்குப் பக்கத்தில் பெரிதாக ஓர் இலை. பச்சைப்பசேலென்று!

உற்றுப் பார்த்தேன். அடடா... அது ஆமணக்கு!

விரல் விரித்த அதே இலை. அசல் செடி பக்கத்துக் காலி மனையில் நின்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“போர்டு எழுதுனவரு மேப்பிள்னா எப்புடி இருக்கும்னு கேட்டாருங்க. கையை விரிச்ச மாதிரின்னேன். இந்தா, இங்கிட்டே நிக்குதேன்னு பாத்து வரைஞ்சுட்டாரு” என்றார் கடைக்காரர் செல்லத்துரை, கூச்சத்தோடு.

“பேரு ஏன் தம்பி மேப்பிள்?”

“ஃபாரின் பேரா இருந்தா பப்ஸ் விக்கும்னு மச்சினன் சொன்னான். எங்கங்க விக்குது? பேசாம முருகன் பேக்கரின்னு மாத்திரலாம்னு இருக்கேன்.”

யோசித்துப் பாருங்கள்... இந்த மேப்பிள் இலை எங்கேதான் இல்லை? ஒரு நாட்டின் கொடியில், ஹாக்கி ஆடுகிறவர்களின் சட்டையில், அந்த மரத்துச் சாற்றில் காய்ச்சிய பாகு பாட்டிலில், புதுக்கோட்டையில் வெளிநாடு போக இங்கிலீஷ் கோச்சிங் தரும் சென்டர் வாசலில். எங்கள் வீட்டு அலமாரியின் பிளைவுட் கூட ‘மேப்பிள் கலர்’தான். மரத்தை மட்டும் நம்மில் பலர் பார்த்ததில்லை!

என் மகள் ஜெனி பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலை கிடைத்து இந்தக் கோடையில் கனடா போனாள். போன் செய்தால் “நல்லா இருக்கேன்பா” என்பாள். உடனே வைத்துவிடுவாள். இந்தப் பெண் இனி ஊர்ப் பக்கம் திரும்புவாளா என்று எனக்குள் ஒரு பயம். வாய்விட்டுச் சொன்னால் அவள் அம்மா அழுவாளே என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

போர்டைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே வீடியோ கால்!

“அப்பா! அது ஆமணக்கு எலைப்பா!”

சிரித்தாள்... சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேமராவைத் திருப்பிக் காட்டினாள். தெரு முழுக்கச் சிவப்பு. இலைகள் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே காலை, இங்கே சாயங்காலம். கொஞ்ச நேரம் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நடுவில் என் பஸ் வந்து போனதும் தெரியவில்லை.

“அழகாத்தான்பா இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்ச எலை ஒன்னுகூட இல்ல” என்றாள். “சின்னப்புள்ளையில வயிறு வலிச்சா அம்மா ஆமணக்கு எலைய வதக்கிப் போடுமே... லீவு கெடைச்சதும் வாரேன்பா. அந்த போர்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணும்.”

வாரேன் என்றாளே! போனதிலிருந்து அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. நடுரோடு என்றும் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெயர் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். இலை என்றதும் கை நம் வேலியோரத்துக்குத்தான் போகிறது, இல்லையா?

செல்லத்துரையிடம் ஓடினேன். “தம்பி, போர்டை மட்டும் மாத்திராதீங்க. எம் பொண்ணு வந்து பாக்கணுமாம்.”

“அதுக்கென்னங்க, பாப்பா வர்ற வரைக்கும் இருக்கட்டும். ஆனா அதுவரைக்கும் யாவாரம் ஓடணுமே!”

மைதா பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும்... தினமும் சாயங்காலம் அன்னவாசலில் இறங்கி பப்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறேன்!